மார்பக மறுசீரமைப்பு அறுவைக்குப் பின் துணை நிற்பது எப்படி: முதல் முறை போகும் பெண்களுக்கு

மார்பகப் புற்றுநோய்க்காக மார்பகத்தை அகற்ற நேர்ந்த பெண்ணுக்கு, அதே அறுவையின்போதோ சில மாதங்கள் கழித்தோ, மார்பின் வடிவத்தை மீண்டும் அமைத்துத் தருவதற்கு மார்பக மறுசீரமைப்பு என்று பெயர். அந்த அறுவையைக் கடந்து வந்த ஒருவர், அடுத்து அதற்குப் போகும் இன்னொருவருக்குத் துணையாக இருக்க ஒப்புக்கொண்டால் என்னென்ன செய்ய வேண்டும், எவற்றில் தலையிடக் கூடாது என்பதை இங்கே எழுதுகிறேன். எனக்கு முதுகுத் தசையை எடுத்து மார்பை அமைத்தார்கள். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் பல பெண்களின் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறேன். அங்கே செய்த தவறுகளிலிருந்து கற்றவைதான் இதில் பாதி.

முதல் முறை போனபோது தைரியம் சொல்லத்தான் போனேன். கால் மணி நேரம் பேசினேன். மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண், நான் மூச்சு வாங்கிய இடைவெளியில், “அதெல்லாம் சரிக்கா, இந்த டியூபை வெச்சுக்கிட்டு நீங்க எப்படிக் குளிச்சீங்க?” என்று கேட்டார். அறுவை நிபுணருக்கு அறுவை தெரியும், செவிலியருக்குக் கட்டு மாற்றத் தெரியும். காயத்தின் நீரை வடிக்க உடம்பில் வைக்கும் அந்த டியூபோடு குளிப்பது குளித்தவருக்குத்தான் தெரியும். நம்முடைய வேலை அந்த இடத்தில் இருக்கிறது.

இது புதிய எண்ணமும் அன்று. 1952இல் அமெரிக்காவில் டெரீஸ் லாசர் என்ற பெண்மணி, தமக்கு மார்பகம் அகற்றப்பட்ட பிறகு, அதே நிலையிலிருந்த பிற பெண்களை மருத்துவமனைக்கே சென்று பார்க்கத் தொடங்கினார். ‘ரீச் டு ரெகவரி’ என்ற அந்த முயற்சியை 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் தன் பணிகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அதன் தன்னார்வலர்கள் எடுத்துச் சென்ற பையில் கைப்பயிற்சிக்கான ஒரு ரப்பர் பந்தும் கயிறும் இருந்தன. பேச்சோடு ஒரு பொருளையும் கொண்டு போகும் அந்த வழக்கத்தை நான் விடாமல் பின்பற்றுகிறேன்.

எந்த அறுவை என்று முதலில் கேளுங்கள்

மறுசீரமைப்பு என்ற ஒரே பெயரில் வெவ்வேறு அறுவைகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து உடம்பு தேறும் விதமும் வேறு வேறு. சிலருக்குச் சிலிகான் இம்ப்ளான்ட் என்ற செயற்கைப் பையை வைக்கிறார்கள். தோல் போதாதவர்களுக்கு முதலில் எக்ஸ்பாண்டர் என்ற காலிப் பையை வைத்து, ஓரிரு வாரங்களுக்கு ஒரு முறை ஊசி வழியாக உப்பு நீரை ஏற்றித் தோலை மெல்ல விரித்து, பிறகு அதை எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் வைப்பார்கள். இரண்டாவது வழி எனக்குச் செய்தது: எல்.டி. ஃபிளாப் என்று மருத்துவர்கள் சொல்லும் முதுகுத் தசையை, அதன் ரத்தக்குழாய் அறுபடாமல், அக்குளின் அடியாக முன்பக்கம் கொண்டு வருவது. நுண்ணோக்கி தேவைப்படாததால் இதைப் பல மருத்துவமனைகளில் செய்ய முடிகிறது. மூன்றாவது, அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் முழுவதுமாகப் பிரித்தெடுத்து, அவற்றின் நுண்ணிய ரத்தக்குழாய்களை மார்பிலுள்ள குழாய்களோடு நுண்ணோக்கியின் கீழ் இணைக்கும் டீப் ஃபிளாப். இப்படி இடம் மாற்றி வைக்கும் திசுவைத்தான் ஃபிளாப் என்கிறார்கள்.

எல்.டி. ஃபிளாப் செய்துகொண்டவருக்கு முன்னும் பின்னுமாக இரண்டு காயங்கள் இருக்கும். மல்லாந்து படுத்தால் முதுகு வலிக்கும், கையூன்றி எழுந்தால் சுரீர் என்று இழுக்கும். டீப் ஃபிளாப் செய்துகொண்டவர் வயிற்றுத் தையல் இழுபடாமலிருக்க ஒரு வாரம் போலக் கூனியே நடக்க வேண்டியிருக்கும். இருமலும் சிரிப்பும்கூட அவருக்கு வேதனை. எக்ஸ்பாண்டர் வைத்தவருக்கு ஒவ்வொரு முறை நீர் ஏற்றிய பிறகும் ஓரிரு நாள் மார்பில் கல்லைக் கட்டியதுபோல் இறுக்கம் இருக்கும். பெரும்பாலான எக்ஸ்பாண்டர்களில் காந்தம் இருப்பதால், எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடத்தில் அதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்பதையும் அவருக்கு நினைவூட்டுங்கள். ஆகவே, கூடுமானவரை அதே வகை அறுவை செய்துகொண்டவரே துணையாகப் போவது நல்லது. அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், “எனக்குச் செய்தது வேறு, உங்கள் வயிற்றுத் தையலைப் பற்றி எனக்குத் தெரியாது” என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். தெரிந்ததுபோல் பேசி ஒருவரைக் கையூன்றி எழ வைத்து அழ விட்ட அனுபவம் எனக்கு உண்டு.

அறுவைக்கு முந்தைய இரண்டு வாரங்கள்

இந்த நாட்களில் ஆறுதலைவிடச் சமையலறையை மாற்றி வைப்பதே அதிகம் உதவும். ஒரு மாலைப் பொழுது அவர் வீட்டுக்குப் போய், அவர் அன்றாடம் எடுக்கும் பாத்திரங்கள் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். பரணிலும் மேல் தட்டிலும் இருக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய், மாத்திரைப் பெட்டி ஆகியவை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்துக்கு வர வேண்டும். பெரிய குக்கர், மாவுப் பாத்திரம், தண்ணீர்க் குடம் ஆகியவற்றை அடுத்த ஆறு வாரங்களுக்கு யார் தூக்குவார்கள் என்பதைப் பெயர் சொல்லி வீட்டாரிடம் முடிவு செய்யுங்கள். “நாங்க பாத்துக்குவோம்” என்று எல்லோரும் சொன்னால், கடைசியில் நோயாளியே தூக்குவார். சமையல் எரிவாயு உருளையில் எரிவாயு மட்டுமே 14.2 கிலோ, அதை உருட்டி நகர்த்துவதுகூட அவருக்கு ஆகாது.

உடைக்கு, முன்பக்கம் முழுவதும் பொத்தானோ ஜிப்போ உள்ள பருத்தி நைட்டிகள் நான்கு போதும். தலை வழியாக மாட்டும் எதையும் சில வாரங்களுக்குப் போட முடியாது. வயிற்றிலிருந்து திசு எடுக்கப் போகிறவர் வீட்டில் இந்தியக் கழிப்பறை மட்டும் இருந்தால், கமோடு நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுத்து வையுங்கள். கட்டிலைவிடப் பழைய ஈசிசேர் அவருக்கு மிகவும் உதவும்; முழங்கால் மடங்கி, உடம்பு பாதி சாய்ந்த நிலையில் வயிறு இழுபடாமல் தூங்கலாம்.

புகையிலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நிக்கோட்டின் சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். மாற்றி வைத்த திசு உயிரோடிருப்பதே அந்தக் குழாய்களால்தான். அதனால் அறுவைக்குச் சில வாரங்கள் முன்பே புகையிலையை நிறுத்தச் சொல்வார்கள். நம் ஊரில் மருத்துவர் “புகை பிடிப்பீர்களா?” என்று கேட்டால் வெற்றிலையோடு புகையிலை போடும் அம்மா “சேச்சே, இல்லை” என்றுதான் சொல்வார், அவரைப் பொறுத்தவரை அது உண்மை. இதைக் கேட்டறிந்து, மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். சர்க்கரை நோய் இருப்பவருக்கு அளவு கட்டுக்குள் இருக்கிறதா என்பதும் இதே அளவுக்கு முக்கியம்.

பிறகு காசு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தவரென்றால், அகற்றும் அறுவையோடு மறுசீரமைப்பும் அனுமதிக்கப்படுகிறதா என்று மருத்துவமனையிலுள்ள திட்டப் பிரிவில் தேதி குறிப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். தனியார் காப்பீடு வைத்திருப்பவர்களிடம், “இது அழகுக்காகச் செய்வது, பணம் வராது” என்று யாராவது சொல்லிக் கலங்கடிப்பார்கள். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் வகுத்த பொதுவான விலக்கு விதியில், அழகு அறுவைக்குப் பணம் கிடையாது என்ற வரியை ஒட்டியே, விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய மறுசீரமைப்புக்கு அந்த விலக்கு பொருந்தாது என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. பாலிசிப் புத்தகத்தை எடுத்து அந்தப் பத்தியில் கோடிட்டுக் கொடுங்கள். மருத்துவரின் கடிதத்தில் “மார்பகப் புற்றுநோய் அறுவையைத் தொடர்ந்த மறுசீரமைப்பு” என்று தெளிவாக எழுதி வாங்கச் சொல்லுங்கள். காப்பீட்டு மேசைக்குப் போகும்போது உடன் போவது நல்ல உதவி. அங்கே இரண்டு பேராக நின்றால் பதில் சற்று விரைவாகக் கிடைக்கிறது என்பது என் அனுபவம்.

மருத்துவமனையில்

முதல் இரண்டு மூன்று நாட்கள் ஃபிளாப் செய்துகொண்டவருக்கு மிக முக்கியமானவை. ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று இரவு பகலாக, சில இடங்களில் மணிக்கொரு முறை, செவிலியர் வந்து நிறத்தையும் வெப்பத்தையும் பார்ப்பார், விரலால் அழுத்திப் பார்ப்பார், டாப்ளர் கருவியை வைத்து ‘உஷ், உஷ்’ என்ற ஓசையைக் கேட்பார். தூங்கவிடாமல் வந்து வந்து பார்த்தால் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நோயாளி பயந்துவிடுகிறார். இப்படிப் பார்ப்பது வழக்கமான நடைமுறை என்பதை முன்னரே சொல்லி வைப்பவர் பெரும்பாலும் நாம்தான்.

மூன்று பந்துகள் கொண்ட மூச்சுப்பயிற்சிக் கருவி ஒன்றைக் கொடுப்பார்கள். பார்த்தவுடன் எல்லோரும் அதை ஊதுகிறார்கள். உண்மையில் மூச்சை உள்ளே இழுத்துத்தான் பந்துகளை மேலே எழுப்ப வேண்டும். நீங்கள் ஒரு முறை செய்து காட்டுங்கள், ஆனால் அவருடைய கருவியில் வாய் வைக்காமல். மயக்க மருந்துக்குப் பிறகு நுரையீரலின் அடிப்பகுதி விரியவும் சளி தேங்காமலிருக்கவும் இது தேவை. அதேபோல், அறுவை முடிந்தவரை எழுப்பி நடக்க வைக்கும்போது “பாவம், படுத்திருக்கட்டும்” என்று உறவினர்கள் தடுப்பார்கள்; காலில் ரத்தம் உறையாமலிருக்கவே நடக்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

பார்க்க வருகிறவர்களை வரிசைப்படுத்துவதும் நம் பொறுப்பில் வந்து சேரும். பத்து பேர் சூழ்ந்து நின்றால் நோயாளி தன் மேல்துணியைச் சரிசெய்துகொண்டே இருப்பார், கையை அசைப்பார், சோர்ந்துபோவார். வாசலில் நின்று “இன்னைக்குத் தூங்கறாங்க” என்று சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும். அது வீட்டுப் பெண்ணாக இருந்தால் மனக்கசப்பு வரும், வெளியாளாக இருந்தால் வராது.

வடிகுழாய்

வீட்டுக்கு அனுப்பும்போது பலரை டியூபோடுதான் அனுப்புகிறார்கள். காயத்துக்குள் ஊறும் நீரும் ரத்தமும் தேங்காமல் வெளியேற, உடலுக்குள்ளிருந்து வரும் மெல்லிய குழாய், துருத்தி போன்ற ஒரு குப்பியில் போய் முடியும். இந்தக் குப்பியைக் கண்டுதான் பெண்கள் அதிகம் பயப்படுகிறார்கள். ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதல் தேவை ஒரு சுருக்குப்பை. பழைய பருத்திப் புடவைத் துண்டில், குப்பி உள்ளே நிற்கும் அளவுக்குத் தைத்து, கழுத்து வழியாகக் குறுக்கே மாட்டிக்கொள்ள நீளமான நாடா வைக்க வேண்டும். குப்பி எப்போதும் காயத்துக்குக் கீழே, இடுப்புப் பக்கமாகத் தொங்க வேண்டும். ஒவ்வொரு குப்பிக்கும் இரண்டு பைகள் வேண்டும். ஒன்று துவைத்துக் காயும்போது மற்றொன்று உடம்பில் இருக்கும். குப்பியை ஊக்கால் நைட்டியில் குத்தி வைப்பவர்கள், உடை மாற்றும்போது அதை மறந்துவிட்டு இழுத்துவிடுகிறார்கள். ஒரு முறை அப்படி இழுபட்டால் அந்தப் பெண் அன்று முழுவதும் யாரையும் அருகில் விடமாட்டார்.

குப்பியைக் காலி செய்யும் முறையை வீட்டில் ஒருவர் செவிலியரிடம் நேரில் பார்த்துக் கற்றிருக்க வேண்டும். நாம் அதை நினைவூட்டலாம். சோப்பு போட்டுக் கை கழுவி, குழாயை அடைக்கும் பிடிப்பான கிளாம்ப்பை மூடி, குப்பியின் மூடியைத் திறந்து, நீரை அளவுக் குவளையில் ஊற்றி, குவளையைச் சமதளத்தில் வைத்துக் கண் மட்டத்தில் பார்த்து மில்லிலிட்டரைக் குறிக்க வேண்டும். பிறகு குப்பியை நன்றாக அமுக்கி, அமுங்கிய நிலையிலேயே மூடியைப் போட்டு, கடைசியாகக் கிளாம்ப்பைத் திறந்துவிட வேண்டும். அந்தக் கடைசிச் செயலை மறப்பவர்கள் ஏராளம். ஒரு வீட்டுக்குப் போனபோது மாமியார் வாசலிலேயே மகிழ்ச்சியோடு, “நேத்து ராத்திரியிலேருந்து சொட்டுகூட வடியலை, ஆறிப்போச்சு” என்றார். உள்ளே போய்ப் பார்த்தால் கிளாம்ப் மூடியே கிடந்தது. வடிய வேண்டிய நீர் முதுகுக்குள் தேங்கிக்கொண்டிருந்தது. திறந்துவிட்டு, வார்டுக்குத் தொலைபேசியில் தெரிவித்தோம். இனி எங்கே போனாலும் முதலில் கிளாம்ப்பைப் பாருங்கள். நலம் விசாரிப்பது அதற்கு அப்புறம்.

ஒரு நோட்டில் தேதி, நேரம், அளவு, நிறம் என்று கோடு போட்டுக் கொடுங்கள். இரண்டு குழாய்கள் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி வேண்டும். கூட்டி எழுதினால் எந்தக் குழாயை எடுப்பதென்று மருத்துவரால் முடிவு செய்ய முடியாது. நிறம் முதலில் சிவப்பாக இருந்து, ரோஜா நிறமாகி, பிறகு வைக்கோல் நிறத்துக்கு வரும். 24 மணி நேரத்தில் வடிவது ஏறத்தாழ 30 மி.லி.க்குக் கீழே வந்து ஓரிரு நாள் அப்படியே இருந்தால் எடுப்பது பொதுவான வழக்கம். மருத்துவருக்கு மருத்துவர் இந்தக் கணக்கு மாறும். எல்.டி. ஃபிளாப்பில் முதுகுக் குழாய் இரண்டு மூன்று வாரம்கூட இருக்கலாம். “உங்களுக்கு எத்தனாவது நாள் எடுத்தாங்க?” என்ற கேள்வி கட்டாயம் வரும். நாளைச் சொல்லாதீர்கள், அளவைக் கேளுங்கள். எனக்குப் பதினான்காம் நாள் எடுத்தார்கள் என்று நான் சொல்லப்போய், பதினைந்தாம் நாள் ஒருவர் தனக்கு ஏதோ கோளாறு என்று இரவெல்லாம் விழித்திருந்தார்.

குழாயை எடுத்த பிறகும் முதுகில் நீர் சேர்ந்து, தண்ணீர்ப் பைபோல் தளும்பலாம். எல்.டி. ஃபிளாப்பில் இது சகஜம். வெளிநோயாளர் பிரிவிலேயே ஊசி வைத்து உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். முதுகில் அந்த இடம் மரத்திருப்பதால் பெரும்பாலும் வலி தெரியாது.

இனி, டியூபோடு எப்படிக் குளிப்பது என்று அந்தப் பெண் கேட்ட கேள்வி. மருத்துவர் அனுமதிக்கும் வரை கட்டு நனையக் கூடாது. பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, இடுப்புக்குக் கீழே நீர் ஊற்றிக்கொள்ளலாம். மேலே வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்கலாம். தலைக்குக் குளிப்பதற்கு மட்டும் இன்னொரு பெண் வேண்டும். நாற்காலியில் சாய்ந்து தலையைப் பின்னால் தொங்கவிட, வாளியைக் கீழே வைத்து மற்றவர் ஊற்றி அலச வேண்டும். வயிற்றுத் தையல் உள்ளவருக்குப் பின்னால் சாய்வது கடினம். அவரை மேசையில் நெற்றியைச் சாய்த்து முன்னால் குனிய வைக்கலாம். தலை வாரிப் பின்னி விடவும் மறக்காதீர்கள். பத்து நாள் சிக்குத் தலையோடு இருந்தவருக்கு அதைவிடப் பெரிய உபகாரம் இல்லை.

வீட்டில், கை எழும்பும் வரை

குழாய் இருக்கும் நாட்களில் கையைத் தோள் உயரத்துக்கு மேலே தூக்கச் சொல்லமாட்டார்கள். ஆனால் முழங்கை மடக்குவது, விரல்களை மூடித் திறப்பது, தோளைச் சுழற்றுவது ஆகியவற்றைச் செய்யாவிட்டால் தோள் இறுகிவிடும். பிறகு ஃபிசியோதெரபிஸ்ட் சொல்லும் நாளிலிருந்து சுவரில் விரல் நடை: சுவரை நோக்கி நின்று விரல்களால் மெல்ல ஏறி, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுத வேண்டும். ஒரு வீட்டில் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த அதே சுவரில் அம்மாவின் கோடுகளும் ஏறியிருந்தன. இளைய மகன் தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் தன் கோட்டை அம்மா தாண்டிவிட்டாரா என்று பார்ப்பான்.

எடை தூக்குவது, இட்லி மாவைக் கையால் கலக்குவது, சப்பாத்தி தேய்ப்பது, தேங்காய் துருவுவது, வாளித் தண்ணீர் ஊற்றித் தரை கழுவுவது, பேருந்தில் மேல் கம்பியைப் பிடித்துத் தொங்குவது ஆகியவை ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குக் கிடையாது. இருசக்கர வண்டி மருத்துவர் சொன்ன பிறகே. ஆட்டோவில் போகும்போது ஒரு சிறு தலையணையைக் கொண்டு போய், வேகத்தடை வரும் முன் மார்பிலோ வயிற்றிலோ அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காரில் அதே தலையணை சீட் பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவே போகும்.

எல்.டி. ஃபிளாப் செய்துகொண்டவருக்கு நாற்காலியிலிருந்து கையூன்றி எழும்போது புதிய மார்பு தானாகத் துடிப்பதுபோல் இழுக்கலாம். அது முதுகில் இருந்த தசை. பழைய வேலையை மறக்கவில்லை. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் நான் இரண்டு நாள் இதய நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மிகவும் கவனமாக இருக்க வேண்டியது சூடு. மறுசீரமைத்த மார்பிலும், தசை எடுத்த முதுகிலும், வயிற்றிலும் உணர்ச்சி குறைவாக இருக்கும், பல இடங்களில் இருக்கவே இருக்காது. வலிக்கிறதென்று பாட்டி பாசத்தோடு ஒத்தடம் கொடுப்பார், வெந்நீர்ப் பையை வைப்பார். தோல் வெந்து கொப்புளம் எழும்பும் வரை நோயாளிக்குத் தெரியாது. ஒத்தடம் வேண்டாம் என்பதை வீட்டிலுள்ள மூத்த பெண்மணியிடம் நேரடியாகவும் பணிவாகவும் சொல்லிவிடுங்கள். மஞ்சள் அரைத்துத் தையலில் பூசுவதும் வேண்டாம்.

சாப்பாட்டில் பத்தியம் என்ற பெயரில் முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தி, ரசம் சாதத்தில் நிறுத்திவிடுவார்கள். காயம் ஆறப் புரதம் வேண்டும். மருத்துவர் வேறு காரணத்துக்காகத் தடுத்திருந்தால் ஒழிய, முட்டை, சுண்டல், மீன், கோழி, பால், தயிர் எல்லாம் சாப்பிடலாம். வலி மாத்திரைகளால் மலச்சிக்கல் வரும். முக்கினால் வயிற்றுத் தையல் நோகும். ஆகவே கீரையும் பழமும் தண்ணீரும் தாராளமாக இருக்கட்டும்.

உடனே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டியவை

இதில் நம் அனுபவத்துக்கு இடமில்லை. பார்த்தவுடன் தொலைபேசியை எடுக்க வேண்டும். ஃபிளாப் கருநீலமாகவோ வெளிறியோ மாறுவது, தொட்டால் சில்லென்று இருப்பது, மார்பு ஒரு பக்கம் திடீரென்று வீங்கி இறுகுவது, குப்பி பளிச்சென்ற ரத்தத்தால் வேகமாக நிறைவது, சீழ் அல்லது துர்நாற்றம், தையல் பிரிவது, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், காயத்தைச் சுற்றிப் பரவும் சிவப்பு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ வந்தாலோ, வரிசையில் காத்திருக்காமல் 108ஐ அழைத்து அவசரப் பிரிவுக்கே போக வேண்டும். “எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, தானா சரியாயிடும்” என்ற வாக்கியத்தை நாம் வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும். வார்டு எண், மருத்துவரின் வெளிநோயாளர் நாட்கள், இரவில் அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டச் சொல்லுங்கள்.

கண்ணாடியின் முன்

கட்டு பிரித்து முதல் முறை பார்க்கும் நேரத்தை அவரே தீர்மானிக்கட்டும். சிலர் மருத்துவமனையிலேயே பார்த்துவிடுவார்கள். சிலர் மூன்று வாரம் கழித்துக் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பார்ப்பார்கள். உடன் இருக்கச் சொன்னால் இருங்கள். வீக்கம் வடியாத மார்பு முதல் வாரங்களில் உயர்ந்தும் இறுகியும், மறுபக்கத்தோடு பொருந்தாமலும் இருக்கும். வடிவம் அமையச் சில மாதங்கள் ஆகும். இரண்டு பக்கத்தையும் ஒப்பாக்கச் சிறு திருத்த அறுவை, காம்பு அமைத்தல், பச்சை குத்திக் காம்பைச் சுற்றி நிறம் கொடுத்தல் ஆகியவை பிற்பாடு வருபவை, வேண்டுமென்றால் மட்டும். இவற்றை அவர் கேட்டால் சொல்லுங்கள். கேட்காதபோது “அழகா இருக்கு” என்று சொல்லாதீர்கள். அது பொய்யென்று அவருக்குத் தெரியும்.

உங்கள் தழும்பைக் காட்டுவதும் அப்படியே. அவர் கேட்க வேண்டும், அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, உங்களுக்கும் மனம் ஒப்ப வேண்டும். படமாக அனுப்பவே அனுப்பாதீர்கள். ஒரு முறை கைப்பேசியை விட்டுப் போன படம் எங்கே போய்ச் சேருமென்று நமக்குத் தெரியாது.

“இந்த வயசுல இது தேவையா?” என்று யாராவது கேட்டிருப்பார்கள், அவர் அதை உங்களிடம் சொல்லி அழுவார். ஐம்பத்தெட்டு வயதில் இதைச் செய்துகொண்ட ஒருவர், ரவிக்கைக்குள் துணி சுருட்டி வைத்து, அது நழுவுகிறதா என்று கல்யாண வீட்டில் பார்த்துக்கொண்டே நிற்க முடியவில்லை என்றார். அந்தக் காரணம் போதும். மறுசீரமைப்பே வேண்டாமென்று முடிவு செய்த பெண்ணும் நம்மிடையே இருப்பார். அவரிடம் போய் இதை எடுத்துக்கட்டிப் பேசாதீர்கள்.

கணவரோடு எப்போது சேரலாம் என்ற கேள்வி, அடுப்படியில், முதுகைத் திருப்பிக்கொண்டு, மிகத் தாழ்ந்த குரலில் வரும். காயம் முழுவதும் ஆறிய பிறகு, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, மனமும் வந்தால் என்று நான் சொல்வேன். மருத்துவரிடம் கேட்கக் கூச்சப்பட்டால், பெண் செவிலியரிடம் சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்வேன்.

நான்காவது வாரம்

முதல் பத்து நாள் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். நான்காவது வாரத்தில் அம்மா ஊருக்குப் போயிருப்பார், கணவர் வேலைக்குத் திரும்பியிருப்பார், பழத்தட்டுகள் நின்றுபோயிருக்கும். வலி குறைந்த இடத்தில் யோசனை வந்து உட்கார்ந்திருக்கும். கீமோவோ கதிர்வீச்சோ இனிமேல்தான் என்றால் இன்னும் கடினம். உங்கள் நேரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதென்றால் இந்த வாரத்துக்கு மிச்சம் வையுங்கள். நான் இரண்டாம் வாரத்தில் ஒரு முறையும், நான்கிலிருந்து எட்டாம் வாரம் வரை வாரம் இரு முறையும் பேசுகிறேன். “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் “நல்லா இருக்கேன்” என்று முடிந்துவிடும், “ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினீங்க?” என்று கேட்டால் பேச்சு வரும். தூக்கமின்மையும் எதிலும் பற்றில்லாமையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு ஒரு முறை வந்தாலோ, அது நம் கையில் முடிகிற காரியமில்லை. மனநல மருத்துவரிடம் போகச் செய்யுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளை அகற்றியிருந்தால் அந்தக் கையில் நிணநீர் வீக்கம் மாதங்கள் கழித்தும் வரலாம். வளையல் இறுகுவதும், ஒரு கை மட்டும் ரவிக்கைக்குள் நுழைய மறுப்பதும் அதன் முதல் அடையாளங்கள். தையற்காரரிடம் ரவிக்கையைப் பிரிக்கக் கொடுப்பதற்கு முன் ஃபிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நமக்கான எல்லை

உங்கள் சொந்தச் சிகிச்சை முடிந்து ஓராண்டாவது ஆகாமல் இந்த வேலைக்கு வராதீர்கள் என்பது என் கருத்து. பிறர் கட்டிலருகே உட்கார்ந்தால் உங்கள் காயம் கிளறப்படும். உங்களுக்குப் பரிசோதனை முடிவு வரவேண்டிய வாரத்தில், வேறொருவரை அனுப்பிவிட்டு வீட்டில் இருங்கள். மாத்திரையை நிறுத்து, மாற்று, இந்த மூலிகையைக் குடி என்று எதையும் சொல்லாதீர்கள். அவருடைய மருத்துவரை உங்கள் மருத்துவரோடு ஒப்பிடாதீர்கள்.

மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பதால் பல வீடுகளில் நோயையே மறைத்திருப்பார்கள். அங்கே நாம் “கூட வேலை பார்த்த அக்கா” ஆகப் போகிறோம். அது சரியா தவறா என்று விவாதிக்கப் போகவில்லை. அவர் பெயரை அடுத்த வீட்டிலோ, நம் பெண்கள் கூடும் இடத்திலோ, நல்ல உதாரணமாகக்கூடச் சொல்லக் கூடாது.

ஓராண்டு ஆகும்போது நம்மை அழைப்பதை அவர் பெரும்பாலும் மறந்திருப்பார். அப்படித்தான் ஆக வேண்டும். ஆனால் மறுபக்க மார்புக்கு, மருத்துவர் சொன்னபடி, ஆண்டுதோறும் மாமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருக்கும். மறுசீரமைப்பு முடிந்ததும் எல்லாம் முடிந்ததென்று இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம். நாங்கள் மூவர் ஒரே நாளில், அடுத்தடுத்த நேரத்துக்குப் பதிவு செய்துகொள்கிறோம். எடுத்த பிறகு ஒன்றாகக் காபி குடிக்கப் போவோம். அன்று காலை அக்குளில் பவுடரோ டியோடரன்ட்டோ போடாமல் வர வேண்டும். அது படத்தில் புள்ளிகளாக விழுந்து வீண் பயத்தைத் தரும். முந்தைய நாள் இரவே ஒரு வரி அனுப்பி நினைவூட்டிவிடுங்கள்.